அண்ணாமலையில் தேர் நிறுத்துவோர்

திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபப் பெருவிழாவைப் பற்றி எழுதுவோர் பத்தாம் நாள் மலையுச்சியில் ஏற்றப்படும் தீபத்தைப் பற்றியே விஸ்தாரமாக எழுதுவது வழக்கம். ஏழாம் நாள் ரதோற்சவத்தை வருணிக்கப் புகும் சிலரும், இரும்புச் சங்கிலியைப் பிடித்திழுக்கும் ஆயிரக்கணக்கான ஜனங்களின் பக்தியையும், வீதியின் இருமருங்கும் மாடிகளிலும் கூரைகளிலும் நிறைந்திருப்போரின் கோஷத்தையும் சொல்லிவிட்டு, தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது என்று ஒரே வாக்கியத்தில் விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். சுமார் 59 அடி உயரமும் 200 டன் எடையும் உடையதெனச் சொல்லப்படும் அந்த மகாரதம் எப்படி நிலைக்கு வந்தது, வழியில் அதை நிறுத்தியவர் யார், எதைக்கொண்டு நிறுத்தினார்கள் என்ற கேள்விகள் எழுவதேயில்லை. இழுத்தவர்களுக்குப் புண்ணியம் உண்டென்று சாஸ்திரம் பேசுகிறது. நிறுத்தியவர்களுக்குக் கூலியும், வேட்டியும், பிரசாதமும் கிடைத்ததோடு சரி. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

மாட வீதிகளை அன்று வலம் வருவன ஐந்து தேர்கள். விநாயகர் தேரும் முருகர் தேரும் காலையில் முந்திச் செல்ல, பிற்பகலில் அண்ணாமலையாரின் பெரிய தேர் புறப்படும். அதன்பின் பெண்களே வடம்பிடிக்கும் அம்மன் தேரும், சிறுவர் சிறுமியர் இழுக்கும் சண்டிகேசுவரர் தேரும் வரும். தேரடி வீதியில் தொடங்கி, திருவூடல் தெரு வழியே மேற்கு நோக்கிச் சென்று, பேகோபுரத் தெருவில் வடக்கே திரும்பி, பெரிய தெரு வழியாகக் கிழக்கு நோக்கி இறங்கி மறுபடியும் தேரடிக்கு வருவது அவற்றின் மார்க்கம். இறங்கி என்று எழுதியது அலங்காரத்துக்காக அன்று. கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்திருப்பதால், அதன் மேற்குப் புறம் இயல்பாகவே மேடு, கிழக்குப் புறம் பள்ளம். எனவே திருவூடல் தெருவில் தேர் ஏறுகிறது. பெரிய தெருவில் இறங்குகிறது. முதல் பாதி இழுப்பவர்களின் தோளுக்கு வைத்த பரீட்சை என்றால், இரண்டாம் பாதி நிறுத்துபவர்களின் கண்ணுக்கும் கைக்கும் வைத்த பரீட்சை. ஐம்பது அடிக்கு ஓர் அடி வீதம் சரியும் வீதி நம் கண்ணுக்குச் சமதரையாகவே தோன்றும். ஆனால் 200 டன் எடையுள்ள தேரை அந்தச் சரிவு நான்கு டன் வலிமையோடு ஓயாமல் முன்னே இழுத்துக்கொண்டிருக்கும். சங்கிலியைப் பிடித்திருக்கும் ஜனங்களுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் அவர்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, ஏனெனில் சங்கிலியால் தேரை இழுக்கலாமேயன்றித் தடுக்க முடியாது.

தடுப்பது முட்டுக்கட்டை. தென்பாண்டி நாட்டில் இதைச் சறுக்குக்கட்டை என்றும் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு பக்கம் தடித்தும் மறு பக்கம் ஆப்புப்போல் மெலிந்தும், சக்கரத்தின் வளைவுக்கேற்பச் சற்றே குழிந்தும் செதுக்கப்பட்டு, ஆள் எட்டி நின்று செலுத்துவதற்கு வாகாக நீண்ட பிடியுடன் கூடிய கனத்த மரத்துண்டு அது. திருவாரூர் ஆழித்தேருக்குப் புளியமரத்தில் இவற்றை நூற்றுக்கணக்கில் செய்வது வழக்கம். புளியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது: நார் முறுக்கிய மரமாகையால் பாரத்தில் நசுங்குமேயொழியச் சட்டென்று பிளந்து தெறிக்காது. அப்படி நசுங்கிய கட்டை அடுத்த திருப்பத்துக்கு உதவாது. ஆகவே தேரோட்டம் முடிந்த மறுநாள் வீதியில் கிடக்கும் சிதைந்த கட்டைகள், அந்த ஆண்டு தேர் எங்கெங்கே முரண்டு பிடித்தது என்பதைச் சொல்லிவிடும்.

முட்டுக்கட்டைக்கு வேலை இரண்டு. சக்கரத்துக்கு நேர் எதிரே வைத்தால் தேர் நிற்கும். சற்றே சாய்த்து வைத்தால் தேர் திரும்பும். தேருக்குச் சுக்கான் இல்லை. நான்கு பெரிய சக்கரங்களும் அச்சில் நேராகவே பொருத்தப்பட்டிருப்பதால், ஒரு பக்கத்துச் சக்கரத்தைக் கட்டையால் தடைசெய்து, மறுபக்கத்தை ஓடவிட்டு, முகத்தை அங்குலம் அங்குலமாகத் திருப்ப வேண்டும். இன்ன கணத்தில், இன்ன கோணத்தில், இன்ன சக்கரத்தில் என்பது ஏட்டில் இல்லாத வித்தை. கணம் பிந்தினால் தேர் வீட்டுத் திண்ணையை இடிக்கும். கணம் முந்தினால் ஒரே பக்கம் தடைப்பட்டு விமானம் ஆடும். முன்னே வெகு தூரத்தில் சங்கிலி பிடித்திருப்போருக்குச் சக்கரம் தெரியாது. சக்கரத்தருகே குனிந்திருப்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. இருவருக்கும் நடுவே, தேரின் முகப்பில் நின்று துண்டை வீசியும் விசில் ஊதியும் சமிக்ஞை செய்யும் ஒருவரை நம்பியே எல்லாம் நடக்கிறது. கால் இடறினால் பிழைக்க வழியில்லாத இடத்தில், ஜனசமுத்திரத்தின் இரைச்சலுக்கிடையில், ஒரு துண்டின் அசைவை நோக்கியிருந்து கட்டையை வீசும் அந்த மனிதரின் சாமர்த்தியத்துக்குச் சமமாக நம் ஊர்த் தொழில்களில் வேறொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தேரின் பயங்கரம் அதன் வேகத்தில் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விநோதமாகவே இருக்கும். மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் நகரும் 200 டன் தேரிடம் உள்ள இயக்க சக்தியைக் காட்டிலும், செங்கம் சாலையில் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் தக்காளிக் கூடைகளோடு வரும் இரண்டரை டன் பிக்கப் வண்டியிடம் உள்ள சக்தி பத்து மடங்குக்கும் அதிகம். அவ்வளவு சக்தியை அந்தச் சிறிய வண்டி, ஓட்டுநரின் பாதத்துக்கடியில் இருக்கும் ஒரு மிதியாலும், சில குழாய்களில் உள்ள பிரேக் ஆயிலாலும் சில விநாடிகளில் அடக்கிவிடுகிறது. தேரிலோ சக்தி குறைவு, உயரம் அதிகம், சுற்றிலும் மனிதர்கள். வண்டியை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவு நல்லது. தேரைச் சட்டென்று நிறுத்துவதே ஆபத்து, ஏனெனில் அடிப்பாகம் நின்ற பிறகும் மேற்பாகம் முன்னே போகவே விரும்பும். முட்டுக்கட்டையின் சரிவில் சக்கரம் சிறிது ஏறி, தயங்கி, கட்டையை நசுக்கிக்கொண்டு நிற்பதில் உள்ள மெதுவான தன்மை, அதைக் கண்டுபிடித்த பெயரறியாத தச்சனின் மேதையைக் காட்டுகிறது.

இந்தத் தொழிலின் பழைய வரலாற்றை நேரடியாகச் சொல்லும் ஆதாரங்கள் குறைவு. இழுத்தவர்களைப் பற்றிய காகிதங்களோ ஏராளம். கிழக்கிந்தியக் கம்பெனி 1817-ஆம் ஆண்டின் ஏழாவது ரெகுலேஷனால் கோயில்களின் மேற்பார்வையை ரெவினியூ போர்டின் வசம் எடுத்துக்கொண்ட பிறகு, தேர்த்திருவிழாவை நடத்திவைப்பதும் ஜில்லா உத்தியோகஸ்தர்களின் கடமைகளில் ஒன்றாயிற்று. தேர் இழுக்கப் போதிய ஆட்களைக் கிராமங்களிலிருந்து திரட்டி அனுப்புமாறு தாசில்தார்களுக்கு உத்தரவு போவதும், வராத குடியானவன் தண்டனைக்கு அஞ்சி வருவதும் சென்னை ராஜதானியில் சகஜமாக இருந்தன. 1836-இல் பாதிரிமாரும் ஆங்கிலேய உத்தியோகஸ்தர் சிலரும் சேர்ந்து இதைக் கண்டித்து விண்ணப்பம் எழுதினார்கள். கம்பெனியின் சேனைகள் கோயில் விழாக்களில் பங்குகொள்ள வேண்டியிருப்பதை ஆட்சேபித்துச் சென்னைப் படையின் பிரதான சேனாதிபதி சர் பெரிகிரீன் மெயிட்லாண்டு 1838-இல் பதவியையே துறந்தார். அவர்களுடைய நோக்கம் குடியானவனின் முதுகைக் காப்பதா, தங்கள் மதத்தின் மானத்தைக் காப்பதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆயினும் கட்டாய ஊழியம் ஒழிந்தது நல்லதே. இங்கே நான் கவனித்தது வேறு. கட்டாயத்தால் ஆயிரம் பேரைச் சங்கிலியருகே நிறுத்திவிடலாம். முட்டுக்கட்டை போடுபவனைக் கட்டாயத்தால் உண்டாக்க முடியாது. அவன் தகப்பனிடமோ மாமனிடமோ பல ஆண்டுகள் கட்டை சுமந்து, பின் பக்கத்துச் சக்கரத்தில் பழகி, பிறகுதான் முன் சக்கரத்துக்கு வந்தான். அரசாங்கம் மாறியபோதும், திருவண்ணாமலைத் தாலுகா 1911-இல் தென்னார்க்காட்டிலிருந்து வடார்க்காட்டுக்கு மாறியபோதும், 1989-இல் தனி மாவட்டமானபோதும், அந்தப் பயிற்சி மாறவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் பல தேர்கள் ஓடாமல் நின்றன. திருவாரூர்த் தேர் 1926-இல் தீக்கிரையாகி, 1930-இல் புதிதாய்ச் செய்யப்பட்டு, 1948-க்குப் பின் நிலையிலேயே நின்று, 1970-இல் மறுபடியும் ஓடிய கதை யாவரும் அறிந்தது. அதில் என் விஷயத்துக்குச் சம்பந்தப்பட்ட பகுதி, திருச்சிராப்பள்ளியில் உள்ள பாரத மிகுமின் நிறுவனம் அந்தத் தேருக்கு இரும்புச் சக்கரங்களும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து பொருத்தியது என்பதே. கொதிகலன் செய்யும் தொழிற்சாலை ஒரு தேருக்குப் பிரேக் செய்து தந்தது என்பதை நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. பொருத்தமான கைங்கரியம் என்றே கருதுகிறேன். ஒரு மூடிய குழாயிலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லா இடத்துக்கும் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட உண்மையை, அமெரிக்கரான மால்கம் லாகீட் மோட்டார் சக்கரங்களுக்குப் பயன்படுத்தி 1917-இல் காப்புரிமை பெற்றார். 1921-இல் டூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் அதைத் தாங்கி வெளிவந்தது. நம் நாட்டில் அந்த வித்தைக்குத் தாய்வீடு சென்னையை அடுத்த பாடி. டி.வி.எஸ். குழுமத்தார் அங்கே 1962-இல் தொடங்கிய இரு கம்பெனிகளில், சுந்தரம் கிளேட்டன் லாரிக்கும் பஸ்ஸுக்கும் காற்றுப் பிரேக்கும், பிரேக்ஸ் இந்தியா கார்களுக்கும் சிறு வண்டிகளுக்கும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்யலாயின. காஷ்மீரத்துக் கணவாயில் இறங்கும் லாரியும் தமிழனின் கைவேலையை நம்பியே இறங்கிற்று என்று சொல்வது மிகையாகாது.

ஆயினும் பிரேக் வந்த பிறகு திருவாரூரில் முட்டுக்கட்டை ஒழிந்துவிடவில்லை. பிரேக் தேரை நிறுத்தும், திருப்பாது. நான்கு முனைகளிலும் வீதியில் இரும்புத் தகடுகளைப் பரப்பி எண்ணெய்ப் பசையிட்டு, அவற்றின்மேல் சக்கரத்தை வழுக்கவிட்டுத் தேரின் முகத்தைத் திருப்பும்போது பழைய கட்டைக்காரர்களே வேண்டியிருக்கிறது. திருவண்ணாமலையிலும் இன்றுவரை கட்டைக்கு மதிப்புக் குறையவில்லை. மண் வீதியாக இருந்த நாளில் சக்கரம் சற்றே புதைந்து தானே ஒருவகைப் பிரேக்காக இருந்தது. அண்மையில் மாட வீதிகளுக்குச் சிமெண்டுச் சாலை இட்ட பிறகு அந்த உதவி போயிற்று. பள்ளமும் மேடும் இல்லாததால் அச்சுக்கு நன்மை. உருட்சிக்குத் தடை இல்லாததால் கட்டைக்காரனுக்கு வேலை அதிகம். இரண்டையும் சேர்த்துச் சீர்தூக்கினால் ஆதாயமே என்பது என் அபிப்பிராயம்.

அபாயங்கள் இல்லாமல் போகவில்லை. இதே மாவட்டத்து ஆரணியில் 2012-ஆம் ஆண்டு கைலாசநாதர் கோயில் தேர் சாய்ந்து உயிர்கள் பலியாயின. தருமபுரி மாவட்டம் மாதேஹள்ளியில் 2022 ஜூன் மாதம் காளியம்மன் தேர் கவிழ்ந்து இருவர் மாண்டனர். 2024 ஆனி மாதத்தில் திருநெல்வேலியில் நெல்லையப்பர் தேரின் வடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்து தேர் நடுவீதியில் நின்றது. ஆள் சேதம் இல்லாதது பெரும் பாக்கியம். இத்தகைய சம்பவங்களால், அச்சும் சக்கரமும் உறுதியாக உள்ளன என்று பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் பார்த்துச் சான்று தந்த பிறகே தேர் நிலையைவிட்டுப் புறப்படலாம் என்ற கட்டுப்பாடு இறுகிற்று. திருவண்ணாமலைப் பெரிய தேரைப் பிரித்துப் பழுதான மரங்களை மாற்றிப் புதுக்கி, 2024 நவம்பரில் மாட வீதிகளில் வெள்ளோட்டம் விட்டார்கள். சுவாமி எழுந்தருளாத அந்தத் தேரைப் பார்க்கவும் கூட்டம் கூடியது. ஆனால் அன்று முக்கியமானவர்கள் சக்கரத்தருகே குனிந்து அச்சின் முனகலைக் காதால் கேட்டுக்கொண்டு நடந்த ஆசாரிகளும் பொறியாளர்களும்தான். தேர் எவ்வளவு பழையதோ அவ்வளவு கண்டிப்பாக அதைச் சோதிக்க வேண்டும் என்பது இந்த முறையின் உள்ளுறை. பழைய தேரைப் பற்றி, இதற்கு வயதாகிவிட்டது, இனி இதன் குற்றங்களை விசாரிப்பதற்கில்லை என்று எந்த ஸ்தபதியும் சொன்னதாகக் கேள்வியில்லை.

மேற்சொன்ன தக்காளி வண்டியின் விஷயத்தில் நம் சட்டம் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறது. தயாரிப்பிலேயே குற்றம் நேர்ந்திருந்தால் வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்ற கோட்பாட்டை அமெரிக்கர் 1974-ஆம் ஆண்டிலேயே சட்டமாக்கினார்கள். நாமோ 2012 ஜூலையில் மோட்டார் உற்பத்தியாளர் சங்கத்தார் தாமாக ஏற்றுக்கொண்ட ஒரு நெறியோடு பல ஆண்டு திருப்தியடைந்திருந்தோம். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110-ஏ என்னும் பிரிவு சேர்ந்தது. அதற்குரிய விதிகள் 2021 ஏப்ரல் முதல் நாள் அமலுக்கு வந்தன. அரசாங்கம் கட்டாயப்படுத்தித் திரும்ப அழைக்கவைக்கும் அந்த அதிகாரம், தயாரித்து ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே உரியது. வியாபார வண்டிகளுக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எட்டு ஆண்டுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் பெறவேண்டும் என்று இருப்பதை இதனோடு சேர்த்து யோசித்தால் ஒரு முரண்பாடு புலப்படும். வயதாக ஆக உடையவனை அடிக்கடி கூப்பிட்டு விசாரிக்கிறோம். வயதாக ஆக உற்பத்தியாளனை விசாரிப்பதை விட்டுவிடுகிறோம். ஏழாண்டு கடந்த வண்டியைத் தாமே அழைத்துப் பழுதுபார்க்கும் கம்பெனிகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது அவர்களுடைய தயவு.

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள சாலைகளில் ஓடும் பிக்கப்புகளில் பல, ஏழாண்டைக் கடந்து, இரண்டாவது மூன்றாவது கைக்கு வந்தவை. ஜமுனாமரத்தூரிலிருந்து ஜவ்வாது மலைச் சாலையில் பலாப்பழமும் சாமையும் ஏற்றிக்கொண்டு போளூர் நோக்கி இறங்குபவையும், செங்கத்திலிருந்து விடியற்காலையில் காய்கறி கொண்டுவருபவையும், ஊர் மக்கள் குட்டியானை என்று அழைக்கும் சிறு வண்டிகளும் இதில் அடக்கம். பிரேக் மிதி வழக்கத்தைவிட உள்ளே போகிறது என்றால் ஓட்டுநர் மெக்கானிக்கிடம் கொண்டுபோவார். அவர் பிரேக் ஆயில் ஊற்றிப் பார்ப்பார், மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் கிட்டை மாற்றுவார், லைனிங் தேய்ந்திருந்தால் புதிது அடிப்பார். பெரும்பாலும் பழுது தீர்ந்துவிடும். தொழிற்சாலையிலேயே தவறாக அமைந்த குழாயோ சீல் வளையமோ காரணமாக இருந்தால் தீராது. சில மாதத்தில் மறுபடி அதே கோளாறு வரும், உடையவரும் விதியென்று மறுபடி செலவு செய்வார். எஃப்.சி. மைதானத்தில் அன்றைக்குப் பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். நாளை வெடிக்கப்போகும் குழாய் இன்று நன்றாகவே பிடிக்கும். கம்பெனியின் அறிவிப்புக் கடிதமோ, வண்டியை முதலில் வாங்கியவரின் பழைய விலாசத்துக்குப் போய், அங்கே எடுப்பாரற்றுக் கிடக்கும்.

தேருக்கு இந்தக் கதி நேராததற்குக் காரணம் அது கை மாறுவதில்லை என்பதே. அதன் குற்றங்குறைகள் ஊருக்கே தெரியும். சென்ற ஆண்டு பேகோபுரத் தெரு முனையில் எந்தச் சக்கரம் முரண்டியது என்பது இந்த ஆண்டு கட்டை போடுபவருக்கு நினைவிருக்கும். வண்டியின் ஞாபகம் முழுவதும் சேசிஸ் எண்ணில் அடங்கியிருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அந்த எண்ணைக் கொண்டு, தன் வண்டி ஏதேனும் அழைப்பில் அடங்கியிருக்கிறதா என்பதை உற்பத்தியாளரின் இணையதளத்திலோ, அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்திலோ எவரும் தெரிந்துகொள்ளலாம்; அடங்கியிருந்தால், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், சரிசெய்யக் கட்டணம் கிடையாது. இதை அறிந்த உடைமையாளர் மிகச் சிலர். எஃப்.சி.க்கு வண்டி வரும் நாளில் அந்த எண்ணை அலுவலகத்தாரே ஒருமுறை சரிபார்த்து, அழைப்பு நிலுவையில் உள்ளதா என்று சான்றிலேயே குறித்துத் தருவது அப்படியொன்றும் பிரயாசையான காரியமன்று; தேருக்குச் சான்று கொடுக்கும் அதே அரசாங்கம், அதே ஊரில், இதையும் செய்யலாம்.